நோட்டில் ஏறாத நாற்பது துண்டு

1

இந்தக் கதை என் அக்காவின் கோடு போட்ட நோட்டிலிருந்து திருடியது. அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாள், அதுதான் சங்கடம்.

முதல் வரி: அவள் சாக்லேட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவள். சப்பென்று இருக்கிறது. இன்னொன்று: அவள் நாக்கை நம்பித்தான் ஊரே இனிப்புத் தின்றது, ஆனால் அவளோ… (போதும், பீற்றல்.) முதலாவதே இருக்கட்டும்.

2

இரண்டு வருடமாக அக்காவுக்கு முகம் சிவக்கிறது, தலை பிளக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. உணவிலுள்ள ஹிஸ்டமினை அவள் உடம்பால் சமாளிக்க முடியவில்லை என்றார் மருத்துவர். சாப்பிடுவதையெல்லாம் எழுதிவரச் சொன்னார். வேலை என்ற இடத்தில் அக்கா 'தரக் கட்டுப்பாடு' என்று எழுதிக் கொடுத்திருந்தாள், அவரும் மேலே கேட்கவில்லை.

சாக்லேட், இனிப்பெல்லாம் முதல் நாளே போயிற்று. பிறகு நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தக்காளி, மீன், தயிர், கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார். இப்போது சோறும் வெந்த கேரட்டும்தான். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. சிவப்பு மட்டும் நிற்கவில்லை.

3

தொழிற்சாலையில் நாளைக்கு நாற்பது துண்டு. வாயில் கரையவிட்டு, காகிதக் கோப்பையில் துப்பி, வெந்நீரில் கொப்பளிக்க வேண்டும். அந்த அறையில் யாரும் அதைச் சாப்பிடுவது என்று சொல்வதில்லை.*

(* துப்பினாலும் கொஞ்சம் உள்ளே இறங்காமல் இராது. நாற்பது கொஞ்சம், கொஞ்சமில்லை.)

இங்கே ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. கண்ணாடி போட்ட சக ஊழியர் ஒருத்தியை உருவாக்கினேன். இதையும் எழுதணுமா என்று அக்கா அவளிடம் கேட்கிறாள்.

"துப்புறதெல்லாம் சாப்பாட்டுல சேராது. அதப் போயி எழுதிக்கிட்டு."

4

கண்ணாடிக்காரியை அடித்துவிட்டேன். அப்படி யாரும் இல்லை. அக்கா கேட்டது என்னிடம். அவள் கொண்டுவந்த உடைசல் சாக்லேட்டை மென்றுகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அதைச் சொன்னவன் நான்.

போன வாரம் நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் 'சிவப்பு இல்லை' என்று எழுதியிருந்தாள். ஞாயிறு தொழிற்சாலைக்கு விடுமுறை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: 'நாற்பது துண்டு, துப்பியது' என்று நானே நோட்டில் எழுதுகிறேன். இத்தனை நாளும் வீணாக வயிற்றைக் காயப்போட்டது அக்காவுக்குத் தெரிகிறது. மிஞ்சியிருந்த ஒரே இனிப்பும் போகிறது.

முடிவு இரண்டு: நான் வாயைத் திறப்பதில்லை. அடுத்தது கேரட்.

முடிவு உங்கள் கையில் என்று எழுதி, அடித்துவிட்டேன். பழியில் பங்குக்கு ஆள் தேடுவதுபோல் இருந்தது.

பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நோட்ட எடுத்துக்கிட்டியாடா? எதுவும் விட்டுப்போகலயே? ஒரு தடவ பாத்துரு."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா.