எதிரே ஓடி வந்தவள்

நவநீதகிருஷ்ணனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் தொழில். ஊர் ஊராய் போர் போட்டுச் சம்பாதித்தவர், ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டப் படித்தார். இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கி ஓமலூர்ப் பக்கம் நிறுத்தியிருந்தார். அன்று காலை, தங்கை வசந்தாமணியின் கணவர் மருதாசலத்தை அதில் ஏற்றினார். மருதாசலத்துக்கு ராட்டினம் ஏறினாலே தலை சுற்றும். அதைச் சொல்லியே கிண்டல் பண்ணி வரவைத்திருந்தார்.

“மச்சான், இந்த பெல்ட்ட எப்படிங்க கழட்டறது?”

“ஏறும்போதே எறங்கற பேச்சு எதுக்கு மாப்ள? பேசாம உக்காருங்க.”

கூட வருகிறவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டும் என்று நவநீதகிருஷ்ணனுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

தரையை விட்டு எழும்பி, கீழே தென்னந்தோப்பு சிறுத்துக்கொண்டு வந்தபோது இன்ஜின் திக்கியது. மறுபடி ஒருமுறை உறுமிப் பார்த்துவிட்டு அடங்கிப்போனது. முன்னால் காற்றாடி அசையாமல் நின்றது. காற்று உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

வந்த பாதைக்கே திரும்பிவிடலாம் என்று கை துடித்தது. இவ்வளவு தாழ்வாகப் பறக்கும்போது திரும்பினால் குப்புற விழ வேண்டியதுதான் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். மூக்கைத் தாழ்த்தி நேராகப் பார்த்தார். பிடுங்கி முடித்த குச்சிக்கிழங்குக் காடு ஒன்று வெறும் மண்ணாகத் தெரிந்தது.

“கெட்டியாப் புடிச்சுக்கங்க!”

சக்கரம் மண்ணில் பட்டுக் குதித்தது. விமானம் வரப்பில் மோதி, ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அதுவரை அவர் செய்ததெல்லாம் சரி.

பெட்ரோல் வாடை அடித்தது. கதவைத் திறந்தது அவர் நினைவிலேயே இல்லை. ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் “மச்சான்! மச்சான்!” என்று மருதாசலம் கத்தியது கேட்டது. கேட்டுக்கொண்டேதான் ஓடினார்.

எதிரே ஒரு பெண், கையில் அரிவாளோடு விமானத்தை நோக்கி ஓடி வந்தாள்.

“அங்க போகாத, தீப்புடிச்சுக்கும்!”

“உள்ள ஆள் கத்துதுங்களே!” என்றபடியே அவரைத் தாண்டிப் போனாள்.

வேலி ஓரம் போய்த்தான் அவருடைய கால் நின்றது. அவள் பெல்ட்டை அறுத்து, மருதாசலத்தின் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போடுவதை அங்கிருந்து பார்த்தார். தீ பிடிக்கவே இல்லை.

கூட்டம் சேர்ந்தது. ஆளாளுக்கு செல்போனை நீட்டினார்கள். “ஊருக்குள்ள வுழாம காட்டுல எறக்கினாரு பாருங்க, மனுசன்!” என்றார் ஒருவர். நவநீதகிருஷ்ணன் மறுக்கவில்லை. யாரோ “அன்னாளு” என்று கூப்பிட்டபோதுதான் அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தவள். அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தட்டுக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் மருதாசலத்தின் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். வசந்தாமணி அழுதுகொண்டே வந்து அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, இவுர உசுரோட கொண்டாந்து சேத்துட்டீங்க.”

நவநீதகிருஷ்ணன் கட்டிலைப் பார்த்தார். மருதாசலம் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். காட்டிக்கொடுக்கிற எண்ணம் அந்த முகத்தில் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

“நானில்ல சாமி. அன்னாள்னு ஒரு பொண்ணு. நான் இவுர உட்டுட்டு ஓடிட்டேன். கூப்புட்டாரு. நான் நிக்கல.”

வசந்தாமணியின் பிடி மெல்லத் தளர்ந்தது. “பயத்துல ஆரா இருந்தாலும்...” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

“ஒருக்காத் திரும்பிப் பாப்பீங்கன்னு நெனச்சேனுங்க மச்சான்” என்றார் மருதாசலம். குரலில் கோபமே இல்லை.

“அந்தப் பொண்ணு ஊடு எங்கன்னு கேட்டீங்களாண்ணா?”

“இல்ல.”

வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். “நான் போய் வெசாரிச்சுப் பாத்துட்டு வாரேன்.”

“நானும் வாரேன்.”

“நீங்க இருங்க. இவுரு எந்திரிக்கோணும்னா ஆள் வேணுமில்ல?”

அவள் போன கொஞ்ச நேரத்தில் மருதாசலம் எழப் பார்த்தார். நவநீதகிருஷ்ணன் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தார். மருதாசலத்தின் கை முதலில் கட்டில் கம்பியைத்தான் தேடியது. அது எட்டாமல் போகவே, மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டது.