மேல் படுக்கை

ரயிலில் இடமே இல்லை என்று டோர்கெல் சொன்னபோது அவன் வாயில் பாதி ஏலக்காய் பன் இருந்தது. காபியில் முக்கித் தின்பவன் அவன். ஊறிய துண்டு ஒன்று கோப்பையில் விழுந்து மிதந்தது. அதை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதே விரலை மடிக்கணினியில் தேய்த்தபடி, "மூணு நாளா பார்க்கறேன் குன்வோர். எல்லாம் போயிடுச்சு" என்றான்.

முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு என்னவோ குன்வோருக்குக் குமட்டியது.

மகள் டூவாவுக்கு வியன்னாவில் கல்யாணம். இன்னும் பத்தே நாள். அவர்கள் இருக்கும் மால்மோவிலிருந்து பகலில் ஹாம்பர்க், அங்கிருந்து இரவு ரயில், காலையில் வியன்னா. மற்றவர்கள் என்றால் கடல் பாலத்தைத் தாண்டி பக்கத்து நாட்டுக் கோபன்ஹேகனில் விமானம் ஏறி இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவார்கள். குன்வோர் ஏற முடியாது. மூன்று வாரத்துக்கு முன் இடது கண்ணில் விழித்திரை பிரிந்து அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வாயு அடைத்து வைத்திருக்கிறார்கள். உயரத்துக்குப் போனால் அது விரிந்து பார்வையே போய்விடும் என்று சொல்லி, மணிக்கட்டில் எச்சரிக்கைக்குப் பச்சை வளையம் ஒன்றையும் மாட்டி அனுப்பியிருந்தார் டாக்டர். ரயில் இல்லையென்றால் ஒரே மகளின் கல்யாணமும் அவளுக்கு இல்லை.

பகல் வண்டிகளில் மாறி மாறிப் போகலாமே என்று கேட்டாள்.

"ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு நாலு இடத்துல பெட்டியைத் தூக்கிட்டு ஓடுவியா?" என்றான் டோர்கெல், ரொம்ப அக்கறையாக. பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெல்ல விஷயத்துக்கு வந்தான். டாக்டர் ஓய்வெடுக்கத்தானே சொல்லியிருக்கிறார். கல்யாணத்தை டூவாவின் சிநேகிதிகள் யாராவது போனில் காட்டுவார்கள். ஆனாலும் பெற்றவர்களில் ஒருவராவது அங்கே நிற்க வேண்டாமா. அதனால் அவன் மட்டும், இந்த ஒரு தடவை மட்டும், விமானத்தில் போய்விட்டு வந்துவிடுவதாக இருக்கிறான்.

"டிக்கெட் போட்டாச்சா?"

"விலை ஏறிடும்னு நேத்தே போட்டுட்டேன்."

இதைச் சொன்னவன் யார் என்று தெரிந்தால்தான் இதன் நாற்றம் முழுசாகத் தெரியும். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். ஆறு வருஷமாக உள்ளூர்ப் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் விமானப் பயணத்தைக் கிழித்துத் தொங்கவிடுபவன். புனைபெயர், 'தரையில் நிற்பவன்'. வெளியான பதினேழு கடிதங்களும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பால் எடுக்கப் போனால்கூட அவன் உபதேசத்தைத் திறந்துதான் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேனரித் தீவு போய் வெயிலில் சிவந்து திரும்பினால், வேலிக்கு மேல் தலையை நீட்டி, காற்றைக் கெடுத்தது போதுமா என்று விசாரிப்பான். இரவு ரயிலில் தண்டவாளத் தாலாட்டில் தூங்கும் சுகத்தைப் பற்றி அவன் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பாதிரியார் வீட்டுக்கே போன் பண்ணிப் பாராட்டினார்.

அந்தக் கொள்கைக்கு விலை கொடுத்தவள் குன்வோர். நாலு வருஷத்துக்கு முன் அவளுடைய அக்கா சோல்வேய் வியன்னாவில் சாகக் கிடந்தாள். அவள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த டூவா போன் பண்ணி, உடனே கிளம்பி வரச் சொன்னாள். குன்வோர் விமானத்துக்குத்தான் பெட்டி கட்டினாள். டோர்கெல் சமையலறை வாசலை மறித்து நின்று, கொள்கை என்பது சௌகரியமான நாளில் மட்டும் போட்டுக்கொள்ளும் சட்டை இல்லை என்று முக்கால் மணி நேரம் பேசினான். அழுது ஓய்ந்திருந்தவளுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. ரயிலில் கிளம்பினார்கள். வழியில் தாமதமாகி ஹாம்பர்க்கில் அடுத்த வண்டி தவறிவிட்டது. அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, இரவு ரயிலைப் பற்றிக் கேட்டுவரப் போனவன், இடமே இல்லை என்று திரும்பி வந்தான். ஓட்டலில் தங்கி, மறுநாள் காலை கிளம்பி, சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். சோல்வேய் மத்தியானமே போயிருந்தாள். படுக்கையில் விரிப்பைக்கூட மாற்றிவிட்டார்கள்.

டோர்கெல் நடைக்குச்சிகளை எடுத்துக்கொண்டு வாக்கிங் போனதும் குன்வோர் அவனுடைய மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். விசைகள் பிசுபிசுத்தன. இடது கண்ணின் அடியில் வாயுக் குமிழி கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி ஆடியது. வலது கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ரயில் டிக்கெட் இணையப் பக்கம் அவன் விட்டுப்போனபடியே திறந்திருந்தது. சிவப்பு எழுத்தில் 'இடமில்லை'. அதற்கு மேலே ஒரு சின்னக் கட்டத்தில் அவன் போட்ட டிக். 'இருவருக்கான தனி அறை மட்டும்.'

அவள் அந்த டிக்கை எடுத்தாள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு அவளை வெளியே தள்ளியது. மறுபடி ஊர், மறுபடி தேதி, மறுபடி வயசு. கடைசியில் வந்தது. ஆறு பேர் படுக்கும் அறைகள், மொத்தம் ஒன்பது படுக்கைகள் காலி. ஒற்றைக் கண்ணை நம்பாமல் அந்த எண்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான். தண்டவாளத் தாலாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன், நாலு பேரோடு ஓர் அறையில் படுக்க மனசில்லாமல், பெண்டாட்டியை வீட்டில் உட்காரவைத்துவிட்டு விமானம் ஏறப் பார்க்கிறான்.

அப்போதும் அவள் இரண்டு படுக்கை போட்டாள். கீழ்ப் படுக்கை தன் பேரில், அதற்கு நேர் மேலே உள்ளது அவன் பேரில். மூன்று தடவை இணைப்பு அறுந்து, நாலாவது தடவை டிக்கெட் வந்தது. அச்சடித்து, ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாலாட்டுக் கடிதத்தின் மேலேயே ஒட்டினாள்.

திரும்பி வந்த டோர்கெல் அதைப் படித்தான். பிடிபட்டவன் முகம் என்று ஒன்று உண்டு, அது வரவில்லை. பாடம் புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான்.

"ஆறு பேர் குன்வோர். யார் எவர்னே தெரியாது. எவன் காலோ நம்ம மூஞ்சிக்கு நேரா இருக்கும். அந்த சாக்ஸ் நாத்தத்துல ஒரு ராத்திரி பூரா என்னால முடியாது."

அவனுடைய சொந்தக் காலுறை இரண்டும் அவளுக்குப் பின்னால் ஹீட்டரின் மேல் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வாடையை மோந்துகொண்டு நின்றபோதுதான் குன்வோருக்கு ஹாம்பர்க் பெஞ்ச் ஞாபகம் வந்தது.

"அக்காவுக்காகப் போனோமே, அன்னைக்கு கவுன்ட்டர்ல என்ன கேட்ட? படுக்கை இருக்கான்னு கேட்டியா, தனி ரூம் இருக்கான்னு கேட்டியா?"

அவன் மேசைமேல் கிடந்த பன் துகள்களைக் கையால் கூட்டி ஒரு குவியலாக்கினான்.

"நீ அழுதுட்டே இருந்த. அந்த நிலைமையில உன்னைக் கண்டவங்களுக்கு நடுவுல படுக்க வைக்கச் சொல்றியா? உனக்காகத்தான் பார்த்தேன்."

"இருந்துச்சா?"

"ரெண்டு இருந்துச்சு."

குன்வோர் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். கண்ணுக்கு ஆகாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னது எடுத்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்ல வேளை, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிந்தைய நாட்களில் அவன் ஒரு ஏற்பாடு சொன்னான். முதல் நாளே விமானத்தில் போய் எங்காவது தங்கிக்கொள்வான். காலையில் அவள் ரயில் வரும் நேரத்துக்கு நடைமேடையில் வந்து நிற்பான். இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கியதாக டூவாவிடம் சொல்லிவிடலாம். கல்யாண நேரத்தில் குழந்தையின் மனசை எதற்குக் கலைப்பது. குன்வோர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவனோடு பேசுவதே அழுக்குத் துணியைப் பல்லால் கடிப்பதுபோல் ஆகிவிட்டிருந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு டூவாவின் பழைய அறைக்குப் படுக்கை மாறினாள்.

ரயிலில் காலுறை நாற்றம் இருக்கத்தான் செய்தது. அறையில் ஒரு மருத்துவச்சி, இரண்டு மாணவர்கள், எள்ளு பிஸ்கட் பொட்டலத்தை எல்லோருக்கும் நீட்டிய ஒரு கிழவர். அவளுடைய பச்சை வளையத்தைப் பார்த்ததும் மருத்துவச்சி கேட்காமலேயே ஒருக்களித்துப் படுக்கத் தலையணை வைத்துக் கொடுத்தாள். பரிசோதகர் வந்து, மேலே யார் என்று கேட்டார். வரவில்லை என்றாள் குன்வோர். விரிக்காத போர்வையும் மடித்த விரிப்பும் அவள் தலைக்கு மேலே அப்படியே கிடந்தன.

காலையில் வியன்னாவில் இறங்கியபோது டோர்கெல் பூங்கொத்தோடு நின்றிருந்தான். சவரம் பண்ணி, வாசனை பூசி, ஓட்டலில் நன்றாகத் தூங்கிய முகம். அவள் பெட்டியை வாங்க வந்த கையை அவள் பார்க்காத மாதிரி நடந்தாள். படிக்கட்டுப் பக்கத்திலிருந்து டூவா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் நல்லா தூங்கினீங்களா என்று கேட்டாள்.

"தண்டவாளத் தாலாட்டுல தூக்கத்துக்கு என்ன குறை" என்றான் டோர்கெல்.

குன்வோர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பா நேத்தே ஃப்ளைட்ல வந்தாச்சு டூவா. எனக்கு மேல அவர் பேருக்குப் போட்ட படுக்கை ராத்திரி பூரா காலியாத்தான் வந்துச்சு. பெரியம்மாவைப் பார்க்க வந்தப்பவும் ஹாம்பர்க்ல ரெண்டு படுக்கை இருந்திருக்கு. தனி ரூம் இல்லைன்னு வேண்டாம்னுட்டாராம்."

டூவா அப்பாவிடம் திரும்பினாள். நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

"பெரியம்மா காலையில நல்லா கண்ணு முழிச்சிருந்தாங்கப்பா. மத்தியானம் வரைக்கும் கதவையே பார்த்துட்டு இருந்தாங்க."

பிறகு அம்மாவின் பெட்டியை எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பார்வை இல்லாத இடது பக்கமாக வந்து கையைக் கோத்து, படி இறங்க ஆரம்பித்தாள். டோர்கெல் பூங்கொத்தோடு நடைமேடையிலேயே நின்றிருந்தான்.