ஓட்டுநர் நீக்கப்பட்டார்

"சனிக்கிழமை சாயந்தரம் கேம்ல வாம்மா. ஒரு விஷயம் பேசணும்" என்று மகனிடமிருந்து செய்தி வந்தபோது, அவள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் ஒருவரின் தோள்பட்டையைத் தட்டோடு ஒட்டி நிறுத்திக்கொண்டிருந்தாள். படம் எடுத்து அவரை அனுப்பிய பிறகுதான் ஃபோனைப் பார்த்தாள்.

ஒரு விஷயம் என்றால் என்ன விஷயம்? நல்லதாக இருந்தால் அங்கேயே கொட்டியிருப்பான். பெண் யாரையாவது பார்த்து வைத்திருக்கிறானா? அதற்கு இத்தனை பீடிகை போடுகிற ஆளில்லை அவன். அடுத்து வந்தவரின் வலது முழங்காலை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டாள். அவர் தயங்கித் தயங்கி, "மேடம், இந்தக் கால் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மகன் வேறு ஊரில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி லாரியில் இறக்குகிற ராட்சதக் கிரேன். அதன் உச்சியில், காலுக்குக் கீழே கண்ணாடி பதித்த ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்துதான் அவனுக்கு வேலை. சேர்ந்த புதிதில் அங்கிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். மனிதர்கள் எல்லாம் சிதறிய மிளகு மாதிரித் தெரிந்தார்கள். அந்தப் படத்தை அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

ஃபோனில் பேசலாமே என்று யாரும் கேட்கலாம். அந்த வீட்டில் ஃபோன் என்பது ஸ்பீக்கரில் போடப்படும் பொருள். போட்டவுடன் அவள் கணவர் எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார். டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தருகிறவர் அவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வாழ்ந்து பழகியவர். மகன் வாயைத் திறந்தால் போதும், பிரேக்கை அழுத்திவிடுவார். "ஓவர்டைம் வேணாம்னியா? ஏன் வேணாம்னே? மேலதிகாரி என்ன சொன்னான்?" மகனும், "ம். சரிப்பா. வைக்கட்டா?" என்று கழன்றுகொள்வான்.

அவளும் மகனும் கம்ப்யூட்டரில் சேர்ந்து விளையாடுகிற கேமில் அப்படி இல்லை. பனி மூடிய கிரகம் ஒன்றில் இருவருமாகக் கனிம லாரியை மலைக்கு மேலே கொண்டு சேர்க்க வேண்டும். அவள் ஓட்டுவாள். அவன் கூரைமேல் நின்று, வழிமறிக்கிற இயந்திர மிருகங்களைச் சுடுவான். ஆரம்பத்தில் அவள் லாரியைப் பள்ளத்தில் விடாத நாளில்லை. அவன் வயிறு வலிக்கச் சிரிப்பான். அப்புறம் கை பழகிவிட்டது. மலை ஏறுகிற வழியில், கண் பாதையிலும் கை துப்பாக்கியிலும் இருக்கும்போது அவன் வாய் தானாகத் திறக்கும். அறைத்தோழனோடு சண்டை போட்டது, பல் பிடுங்கியது, வேலையில் பயிற்சி முடித்தது, எல்லாவற்றையும் அந்தப் பனிப்பாதையில்தான் முதலில் சொன்னான். ஹெட்ஃபோன் அவள் காதில் மட்டும் இருக்கும். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமான இடம்.

இதற்கு நடுவில் கம்ப்யூட்டர் கிழடு தட்டியது. பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது, புதிய விண்டோஸ் இதில் ஏறாது என்று ஆனபோது, அவள் தம்பி வந்து நின்றான். ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். யார் வீட்டுக்குப் போனாலும் கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டுவிட்டுத்தான் காப்பியே குடிப்பான். லினக்ஸின் அடையாளம் பெங்குவின் என்பதால் மகன் அவனுக்கு வைத்த பெயர் பெங்குவின் மாமா. அக்காவின் கம்ப்யூட்டரிலும் போட்டான். "அந்த கேம் ஓடுமா?" என்று மட்டும்தான் அவள் கேட்டாள். கேம் விண்டோஸுக்காகச் செய்தது, நடுவில் ஒரு துபாஷியை உட்கார வைத்திருக்கிறேன், அது விண்டோஸ் பாஷையில் கேட்பதை அவன் லினக்ஸ் பாஷையில் சொல்லிவிடுவான் என்று விளக்கினான். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் கேம் ஓடியது. முன்னைவிட நன்றாகவே ஓடியது. இருந்தாலும் ஒவ்வொரு அப்டேட் வரும்போதும், துபாஷிக்கு எங்கேயாவது வாய் குழறிவிடுமோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு உதறல்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து சீக்கிரமே கிளம்பி வந்து உட்கார்ந்தாள். பெரிய அப்டேட் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. முடிந்ததும் கேமைத் திறந்தாள். பனி வரவில்லை. கறுப்புத் திரையில், உங்கள் இயங்குதளத்தில் இந்த விளையாட்டு இனி ஆதரிக்கப்படாது என்ற அர்த்தத்தில் ஒரு வரி வந்தது. மூடித் திறந்தாள். அதே வரி. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். அதே வரி.

தம்பிக்கு ஃபோன் போட்டாள். அவன் தன் வீட்டிலிருந்தபடியே அவள் திரைக்குள் வந்து இங்கும் அங்கும் தேடினான். அம்புக்குறி தானாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அவள் நகத்தைக் கடித்தாள்.

"புதுசா ஒரு காவலாளியைப் போட்டிருக்காங்கக்கா. ஏமாத்தி விளையாடறவங்களைப் பிடிக்க. அவன் கம்ப்யூட்டரோட அடிமடி வரைக்கும் கையை விட்டுப் பாக்கணுங்கறான். நம்ம லினக்ஸ் அதுக்கு விடாது. விடாதவங்க எல்லாரும் வெளியே."

"நான் எங்கடா ஏமாத்தினேன்? லாரிதானே ஓட்டறேன்?"

கேமைச் செய்தவர்களை அவன் திட்டத் தொடங்க, அவள் நிறுத்தினாள். வேறு கம்ப்யூட்டர்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இருப்பதில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் ஒன்று இருக்கிறது. சாலை விதிக் கேள்விகளைத் திறக்கவே அது முக்கி முனகும். தம்பி, பேசாமல் ஃபோனிலேயே கூப்பிட்டுக் கேளேன் என்றான். கேட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒண்ணுமில்லம்மா, அப்புறம் பார்த்துக்கலாம் என்பான். அப்புறம் என்பது வரவே வராது. வாய்விட்டுச் சொல்ல அவன் எத்தனை நாளாகத் தன்னைத் தயார் செய்துகொண்டானோ. அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் தம்பி மென்று விழுங்கிச் சொன்னான். ஒரு வழி இருக்கிறது. இது விண்டோஸ்தான் என்று அந்தக் காவலாளியை நம்பவைக்கிற மாதிரி யாரோ ஒன்று செய்து போட்டிருக்கிறார்கள். அதைத் தான் சோதித்ததில்லை. கண்டுபிடித்தால் கணக்கையே மூடிவிடுவார்கள், மோசடிக்காரி என்ற முத்திரையோடு.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியலக்கா. ரெண்டு நிமிஷமோ, ரெண்டு மாசமோ."

"அவன் பேசி முடிக்கிற வரைக்கும் தாங்கினாப் போதும். போடு."

பனி வந்தது. லாரியும் வந்தது. அதன் கூரைமேல் மகனின் சிவப்புச் சட்டை வீரன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.

"லேட்டும்மா."

"அப்டேட்டுடா" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தாள். இது விண்டோஸ் இல்லை என்ற உண்மையை யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று மோப்பம் பிடிப்பது போல இருந்தது. திரை லேசாகத் திக்கினாலும் உயிர் போய் வந்தது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. அவன் ஒன்றும் பேசவில்லை. சுடவேண்டியதைச் சுட்டான், சிலதைத் தவறவிட்டான். அவன் தவறவிடுகிறவனே இல்லை. கேட்கலாமா என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டாள். கேட்டால் கூட்டுக்குள் போய்விடுவான்.

பாலம் தாண்டியதும் அவனே ஆரம்பித்தான்.

"அம்மா. கொஞ்ச நாளாவே எனக்கு... மேல போய் உக்காந்து கீழ பாக்கறேன்ல, அப்ப என்னமோ, அப்படியே—"

திரை அணைந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து: நியாயமற்ற மென்பொருள் கண்டறியப்பட்டது, இந்தக் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படுகிறது. பிறகு அதுவும் போய், தம்பி வைத்திருந்த நீல வண்ணப் பின்னணி மட்டும் அமைதியாக நின்றது.

அப்படியே என்ன? உயரமான இடம், கீழே பார்க்கிறான், அப்படியே. அந்த வாக்கியத்தை முடிக்க அவள் மனம் ஒரே ஒரு வார்த்தையைத்தான் எடுத்துக் கொடுத்தது. அவசரப் பிரிவில் இருந்து ஸ்ட்ரெச்சரில் தன் மேசைக்கு வந்த உடம்புகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

அவன் நம்பருக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். கேமில் இருக்கும்போது ஃபோனை அமைதியில் போட்டுக் கட்டிலில் எறிந்துவிடுவான் என்று தெரிந்தும் அடித்தாள். எடுடா, எடுடா என்று வாய்விட்டே கத்தினாள்.

சத்தம் கேட்டுக் கணவர் அறைக்கு வந்தார். எப்போதும் போல என்ன, ஏது, யாரு என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அவள் மகன் சொன்னதை, அறுந்த இடம் வரை, சொன்னாள். தனக்குத் தோன்றியதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. அவர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் கார் சாவியை எடுத்தார்.

"கெளம்பு."

"எவ்வளவு தூரம்ங்க, போய்ச் சேரவே விடிஞ்சிடும்."

"விடியட்டும்."

அவள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். அவர் பெல்ட்டை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பவும், அவள் மடியில் ஃபோன் ஒலித்தது. மகன். பழக்க தோஷத்தில் விரல் ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டது.

"என்னம்மா இது?" குரலில் சிரிப்பு இருந்தது. "ஓட்டுநர் மோசடிக்காக நீக்கப்பட்டார்னு வருது. அப்படி என்ன மோசடி பண்ணினே? இவ்வளவு மிஸ்டு கால் வேற."

அவள் அந்தச் சிரிப்பை நம்பவில்லை. சுற்றி வளைக்கவும் தெம்பில்லை.

"மேல உக்காந்து கீழ பாத்தா என்னடா தோணுது? குதிச்சிடலாம்னு தோணுதா?"

கணவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டை வெறித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இல்லம்மா. அது இல்லவே இல்ல. சத்தியமா. கை மரத்துப் போயிடுதும்மா. அப்படியே விறைச்சுப் போயிடுது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. காற்று பலமாக இருந்த ஒரு நாள், அவன் இறக்கிக்கொண்டிருந்த கன்டெய்னர் ஆடி, கீழே கொக்கி மாட்டுகிற ஒருவரின் காலை நசுக்கிவிட்டது. காற்றுதான் காரணம், அவன்மேல் தவறில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதன் பிறகு கூண்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியே கீழே பார்த்தால் போதும், விரல்கள் அவன் சொல் கேட்பதில்லை. சில நாளாக ஏணியில் பாதி ஏறி இறங்கிவிடுகிறான். காய்ச்சல், முதுகுவலி என்று சாக்குச் சொல்லி ஓட்டிக்கொண்டிருக்கிறான். சாக்கும் தீர்ந்துவிட்டது.

அவள் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் கணவரைப் பார்த்தாள். இதோ பிரேக்கை அழுத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவர் ஃபோன் பக்கம் லேசாகக் குனிந்தார்.

"அந்த ஆளு இப்ப எப்படி இருக்காரு?"

அப்பா அங்கே இருப்பது மகனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சட்டென்று குரல் தாழ்ந்தது. "நடக்கறாருப்பா. கம்பு வெச்சுக்கிட்டு. நான் போய்ப் பாக்கல. பாக்க முடியல."

"சரி" என்றார் அவர்.

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் சத்தம் மகனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"கார்ல ஏறியாச்சு. அங்க வரத்தான்" என்றாள். "ஒண்ணுமில்லன்னா இறங்கிடறோம்டா. உனக்கு எது வசதியோ."

லைன் அறுந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தாள், இல்லை.

"இறங்க வேணாம்" என்றான். "வாங்க."

வழியில் சாப்பிட ஓரிடத்தில் நிறுத்தியபோது, காயம்பட்டவரைப் பார்க்க மகனோடு தானும் போவதாகக் கணவர் சொன்னார். சொன்னபடியே மறுநாள் போனார்கள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவர்கள் இருவருமே அவளிடம் சொல்லவில்லை. மகன் மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னான். அவர்கள் அவனைத் தரையில் இருந்து சைகை காட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். ஒரு மனநல மருத்துவரிடமும் அனுப்பினார்கள். திரும்ப மேலே ஏறுவானா என்பது அவனுக்கே தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று தம்பி கேம் கம்பெனிக்கு எழுதினான். எந்திரம் எழுதியது மாதிரி ஒரு பதில் வந்தது. அதற்குப் பிராயச்சித்தமாக, லினக்ஸில் சிக்கலில்லாமல் ஓடுகிற வேறொரு கேமைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான். தீவு ஒன்றில் படகு கட்டி மீன் பிடிக்கிற கேம். சுமார்தான். மூன்று பேர் விளையாடலாம் என்பதால் தம்பியும் வந்து ஒட்டிக்கொண்டான். இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயந்தரம், மகன் பேசுவதைவிட அவன் தாய்மாமன் லினக்ஸைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். மகன் நடுநடுவே, "மாமா, தூண்டில்ல மீன் மாட்டியிருக்கு, பாருங்க" என்கிறான். சில வாரம் அவன் குரல் தெளிவாக இருக்கிறது, சில வாரம் இல்லை. இல்லாத வாரங்களில் அவள் தம்பியை ஏதாவது வேலை சொல்லித் தீவின் மறுகரைக்கு அனுப்பிவிட்டு, படகை அப்படியே மகன் பக்கம் திருப்புகிறாள்.