இரண்டு அங்குல வானம்

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டிக்கு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி முடித்ததும், ஓரங்களில் அறுத்தெடுத்த வினைல் கீற்றுகளையெல்லாம் ஒட்டுகிறவன், பேர் பல்லி, ஒன்றாய்ச் சேர்த்துப் பந்தாக உருட்டுவான். உருட்டி, "இந்தா, உன் வண்டியோட கொழுப்பு" என்று டிசைன் போட்டவர் மேல் எறிவான். சின்னக் காருக்கு மாதுளம்பழம் அளவு வரும். வேன் என்றால் தேங்காய் அளவு. ஷாம்பு முதன்முதலாக டிசைன் போட்ட சலவைக்கடை வேனுக்கு வந்தது ஒரு எலுமிச்சம்பழம்.

அன்றைக்கே ஷாம்பு அதைப் பார்த்தான். பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

ஷாம்பு பதினோரு வருஷம் அதே கடையில் வண்டி கழுவியவன். தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ ஒரு சொட்டு இருந்தாலும் வினைல் பிடிக்காது. அதனால் நுரையும் பைப்புமாய் நின்று நின்று அவனுக்கு அந்தப் பேர் வந்தது. கடையில் சேர்த்துவிட்டவன் பல்லி. ஷாம்புவின் மனைவிக்கு அண்ணன். பல்லி ஒட்டினால் எதுவும் கீழே விழாது, அதனால் அவனுக்கு அந்தப் பேர்.

ஷாம்பு நாற்பது வயசில்தான் மகளின் பழைய பாடப் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டப் படித்தான். அவன் படிக்க ஆரம்பித்த சமயம் பார்த்து டிசைனர் வேலையை விட்டுப் போனார். முதலாளியம்மா ஒருநாள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவனைவிடப் பத்து வயசு சின்னவள், அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"கதவு எங்க மடங்குது, பம்பர் எங்க குழியுதுன்னு உங்க கைக்குத் தெரியும்ண்ணே. கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களுக்கு அது தெரியாது. மவுஸ் பிடிக்க நான் சொல்லித் தர்றேன்."

அவன் மவுஸை ஸ்பாஞ்சு மாதிரிப் பிடித்தான். "அண்ணே, தேய்க்காதீங்க. மேசை சுத்தமாத்தான் இருக்கு" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான், ஆனால் காது சுட்டது.

ஒன்றொன்றாய்ச் சொல்லிக் கொடுத்தாள். திரையில் வண்டி தட்டையாய்த் தெரியும், நிஜ வண்டி தட்டை இல்லை. கதவு இடுக்கில் எழுத்தை வைக்காதே. கைப்பிடி வருகிற இடத்தில் போன் நம்பரை வைக்காதே. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: "படம் வண்டியோட முடியக் கூடாதுண்ணே. வண்டி முடிஞ்ச பிறகும் நாலு பக்கமும் ரெண்டு அங்குலம் ஓடணும். அப்பத்தான் ஓரத்தை உள்ளே மடிச்சு ஒட்ட முடியும்." அதை அவன் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டான்.

சலவைக்கடை வேனுக்கு நீல வானம் போட்டான். வானத்தின் குறுக்கே ஒரு கொடி, கொடியில் ஏழு வெள்ளைச் சட்டை. காற்றில் ஆடுகிற சட்டைகள். நாலு நாள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தான். கடைசி நாள், வண்டியின் கோட்டுக்கு வெளியே வழிந்த நீலத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. கழுவிக் கழுவிப் பழகிய கை அல்லவா, வழிந்ததைத் துடைக்காமல் இருக்குமா? கோட்டோடு கோடாக எல்லாவற்றையும் நறுக்கிவிட்டான். சுத்தமாய் இருந்தது. முதலாளியம்மா அன்றைக்கு வெளியூர். நேரே அச்சுக்குப் போய்விட்டது.

மறுநாள் பல்லி படத்தை விரித்து, டேப் போட்டு வண்டியில் நிறுத்திப் பார்த்தான். ஓரத்தில் கத்தியை வைத்துப் பார்த்து எடுத்தான். அப்புறம் திரும்பி, "மாப்ள, டீ வாங்கிட்டு வா. அவசரமில்ல, நடந்தே போ" என்றான்.

திரும்பி வந்தபோது, வினைலைச் சூடாக்கி இழுக்கிற ஹீட் கன் ஓடிக்கொண்டிருந்தது. பல்லியின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. சாயங்காலம் வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. எலுமிச்சம்பழ உருண்டை ஷாம்புவின் மடியில் வந்து விழுந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தான். கோடு போட்ட வரியைப் படித்தான். கோட்டோடு நறுக்கியது அப்போதுதான் உறைத்தது. வண்டிதான் நன்றாக இருக்கிறதே, போகட்டும் என்று நோட்டை மூடிவைத்தான்.

சூட்டில் இழுத்த வினைல் வெயிலில் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். மூன்று மாத வெயில் போதும்.

ஒரு காலையில் கடை திறக்க வந்த ஷாம்பு, வாசலில் அந்த வேன் நிற்பதைப் பார்த்தான். கதவோரமெல்லாம் வினைல் எழும்பி, காய்ந்த இலை மாதிரி சுருண்டிருந்தது. ஏழு சட்டையில் இரண்டுக்குக் கை இல்லை. சலவைக்கடைக்காரர் வண்டிக்குள்ளே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா இன்னும் வரவில்லை.

அடுத்து ஷாம்பு செய்ததை அவனாலேயே பிறகு நம்பமுடியவில்லை. நேரே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தான். அந்தப் படத்தை எடுத்தான். நீலத்தைப் பிடித்து நாலு பக்கமும் இரண்டு அங்குலம் இழுத்துவிட்டான். சேமித்தான். மூடினான். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. மவுஸ் அவன் கையில் அத்தனை லாகவமாய் என்றைக்கும் ஓடியதில்லை.

முதலாளியம்மா வந்தாள். வேனைப் பார்த்தாள், பல்லியையும் அவனையும் கூப்பிட்டு, படத்தைத் திறந்தாள்.

"ஓரம் சரியாத்தானே விட்டிருக்கு? அப்புறம் ஏன் இப்படி இழுத்து ஒட்டியிருக்கு?"

பல்லி திரைக்குக் கிட்டே குனிந்தான். ஓரத்து நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் குழம்பிக் கிடந்தது.

"தெரியலம்மா. நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன் போல."

ஷாம்பு பக்கத்தில்தான் நின்றான். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி நிற்பானோ அப்படி.

"சரி. ரெண்டு பேருமா இதை உரிச்சிடுங்க. அடுத்த வாரத்துலேர்ந்து வேன், காரெல்லாம் வெளியாள் வந்து ஒட்டட்டும். நீங்க கடைக் கண்ணாடி, போர்டு இதெல்லாம் பாருங்கண்ணே" என்றாள் பல்லியிடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இருபது வருஷம் வண்டிக்கு ஒட்டியவனை இரண்டு வாக்கியத்தில் இறக்கிவைத்தாள்.

வீட்டில் மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். "அண்ணனுக்குக் கண்ணு மங்குதாமே? அண்ணி சொல்லி அழுவுறாங்க. ஏங்க, நீங்கதான் கூடவே இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்னன்னு சொல்றது?"

"டாக்டரைப் பாருன்னுதான். வேற என்ன சொல்லுவீங்க?"

வேறு சொல்ல அவனிடம் இருந்தது. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினான்.

மூன்றாம் நாள் வேனை உரித்தார்கள். பல்லி சூடு காட்ட, ஷாம்பு மெதுவாய் இழுத்தான். பின்கதவின் அடியில் வந்தபோது பெரிய துண்டோடு சேராமல், விரலகலத்தில் ஒரு கீற்று தனியாய்க் கழன்று வந்தது. நீலம்தான், ஆனால் அதிலிருந்த மேகம் குறுக்காய்ப் போகாமல் நெட்டுக்குத்தலாய் ஓடியது. சோதனைக்கு அடித்த தாளிலிருந்து அறுத்து வைத்த ஒட்டு. அடுத்த கதவிலும் ஒன்று. சக்கரத்துக்கு மேலே இரண்டு. எல்லாம் மயிரிழை பிசகாமல் பல்லி வைத்திருந்தான். உரிக்கிறவன் கைக்கு மட்டுமே தெரியும். ஷாம்பு ஒவ்வொன்றாய் முழங்கைமேல் ஒட்டிக்கொண்டே வந்தான். பதினாலு இருந்தது.

"மச்சான், படம் பத்தலன்னு உனக்கு அன்னைக்கே தெரியும்."

"கத்தி வைக்க இடமே இல்ல, தெரியாம இருக்குமா?"

"ஏன் சொல்லல?"

"உன் முதல் வண்டி. சொன்னா மறுபடி பைப்பைக் கையில குடுத்திருப்பாங்க. தங்கச்சி வேற, எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்குறார்னு தெரு முழுக்கத் தண்டோரா போட்டு வச்சிருந்துச்சு." பல்லி ஹீட் கன்னை அணைத்தான். "ஆனா ஒண்ணுதான் மாப்ள புரியல. அம்மா காட்டுன படத்துல ஓரம் இருந்துச்சே. அப்ப நான் வேற எதையோ பாத்துட்டு இல்லைன்னு நினைச்சிட்டேனா? மூணு நாளா மண்டையக் குடையுது. நேத்து வீட்டுல ஒரு கண்ணாடிக்கு ஒட்டிப் பாத்தேன், கை நடுங்குது. இதுக்கு முன்னாடி நடுங்கினதே இல்ல."

அவன் கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் லேசாய் ஆடின.

ஷாம்பு அங்கே நிற்கவில்லை. பதினாலு கீற்றும் கையில் ஒட்டியபடி முதலாளியம்மாவின் மேசைக்குப் போனான். பல்லி என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்தான்.

"அம்மா, அந்தப் படத்துல நான் ஓரம் விடல. மச்சான்தான் இழுத்தும் ஒட்டுப்போட்டும் காப்பாத்துனான். இதோ பாருங்க." கையை மேசைமேல் வைத்தான். "நீங்க பாத்த ஓரம், வேன் வந்து நின்ன அன்னைக்குக் காலைல நான் இழுத்துவிட்டது. சேமிச்ச தேதியைப் பாருங்க, தெரியும்."

அவள் பார்த்தாள். படத்தை மூடினாள்.

"பல்லி அண்ணே, நீங்க வேனைப் பாருங்க. வெளியாள் வேண்டாம்" என்றாள். பிறகு இவனிடம், "நீங்க இதை மறுபடி போடுங்க. என்கிட்ட காட்டாம அச்சுக்குப் போகக்கூடாது. காலைல வண்டி கழுவறதும் நீங்கதான், நான் சொல்ற வரைக்கும்."

அது அவனுக்கு உறைக்கவே இல்லை. பல்லியைத்தான் பார்த்தான். பல்லி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் ஷாம்புவைப் பார்க்காமல் வேனுக்குத் திரும்பிப் போனான்.

ஒரு வாரத்தில் புது வானம் அச்சாகி வந்தது. பல்லி விரித்தான். அளவு நாடாவை எடுத்தான்.

"டிசைனர், ஓரம் எவ்வளவு விட்டிருக்கீங்க?"

ஷாம்புவுக்கு முதலில் வேறு யாரையோ கேட்கிறான் என்று தோன்றியது. மாப்ள என்றும் டேய் என்றும் பதினெட்டு வருஷம் கூப்பிட்ட வாய்.

"ரெண்டு அங்குலம், மச்சான்."

"சரிங்க."

அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒட்டினான். கை ஆடவில்லை. கத்தி ஓரத்தில் வழுக்கிக்கொண்டு போனது. நீலக் கீற்றுகள் தரையில் நீளநீளமாய் விழுந்தன. சாயங்காலம் எல்லாவற்றையும் வாரி உருட்டினான். நல்ல தேங்காய் அளவு. ஷாம்பு பிடிப்பதற்காக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பல்லி கிட்டே வந்து உருண்டையை மேசையின் ஓரத்தில், உருளாமல், சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.