தேதி இல்லாத கடிதம்

சூளையில் செங்கல் சுமந்தவளுக்குக் கட்சி சட்டமன்ற சீட் கொடுத்திருந்தது. அன்றுதான் கடைசி நாள்; மூன்று மணிக்குள் வேட்புமனு போய்ச் சேர வேண்டும். இரண்டரைக்கு மாவட்டச் செயலாளர் கடைசியாக ஒரு தாளை நீட்டினார். ஜெயித்தால் கிடைக்கும் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்வதாக ஒரு கடிதம்.

“பயப்படாத தங்கச்சி. எல்லாப் பொம்பளைங்களும் கொடுத்ததுதான். எங்க பீரோவுல சும்மா தூங்கும்.”

“ஆம்பளைங்க கொடுத்தாங்களாண்ணே?”

“வாயப் பாரு!” என்று சிரித்தார். கதவருகே நின்ற கட்சி ஆட்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அவள் கையெழுத்துப் போட்டாள். சூளைப் பதிவேட்டில் பழகிய கை, கீழே அன்றைய தேதியையும் எழுதிவிட்டது.

செயலாளர் முகம் சுண்டியது. “தேதிய யாரு போடச் சொன்னா? அத நாங்க போட்டுக்குவோம். வேற தாள் எடுங்கப்பா.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தேதி இல்லாத தாள் கையில் இருந்தால், நினைத்த நாளில் அவளைப் பதவியிலிருந்து இறக்கிவிடலாம்; இன்றைய தேதி போட்டால் அது வெறும் காகிதம்.

“போட்டுக் குடுத்துரு புள்ள,” என்று பக்கத்தில் நின்ற புருஷன் கிசுகிசுத்தான்.

“தேதி போடாம எனக்குக் கையெழுத்து வராதுண்ணே.”

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஆள் தேட நேரமில்லை.

“சரி, போய் மனுவக் குடு. ஜெயிச்சிட்டு வா, பேசிக்கலாம். அதுவரைக்கும் மாப்பிள்ளை எங்ககூடவே இருக்கட்டும்.”

கதவருகே நின்றவர்களில் ஒருவன் வந்து புருஷனின் தோளில் கை போட்டான். மனுவை மார்போடு அணைத்தபடி அவள் படியிறங்கினாள்.