முந்நூற்றெட்டும் முந்நூற்றொன்பதும்

மூன்றாவது முறையாகவும் சிவப்புக் கோடு வந்துவிட்டது.

சாயக்காரர் வெள்ளைப் பொடியை அடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். பற்றவைத்த இடத்தில் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. அதனால் பட்டறையில் அந்தப் பெயர். விரிசலுக்குள் துளிச் சாயம் ஒளிந்திருந்தாலும் வெள்ளைப் பொடி காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எவர்சில்வர் தொட்டியும் அதைத் தாங்கும் இரும்பு வளையமும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாண் நீண்டது.

"கோவிச்சுக்காதீங்க வெல்டரக்கா. பாத்தத எழுதித்தான ஆகணும்."

"எழுதுங்க. உங்கள என்ன சொல்றது."

பதினாறு வருடக் கை அவளுடையது. முதல் தடவை விரிந்தபோது அவளே தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். கிரைண்டரால் முழுக்கச் சுரண்டி எடுத்து மறுபடி பற்றவைத்தாள். இரண்டாம் தடவை விரிந்தபோதுதான் கம்பிச் சுருளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பொடி அடைத்த மெல்லிய குழாய்க் கம்பி. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சுருளின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் முந்நூற்றெட்டு என்று இருந்தது. வரைபடம் கேட்டதோ முந்நூற்றொன்பது.

அதை வாங்கியவர் கொள்முதல் குமாஸ்தா. அவள் கணவர்.

அன்று சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"எவர்சில்வர் கம்பிதான கேட்டாங்க? போன தடவ வாங்கின சீட்டப் பாத்து அதையே எழுதினேன். ஒரு நம்பர்தான வித்தியாசம்?" என்றார் அவர்.

"வீட்டு நம்பர் ஒண்ணு தப்பினா அடுத்தவங்க வீட்டுக்குள்ள போய் நிப்பீங்க. ரெண்டு பக்கமும் எவர்சில்வரா இருந்தா இது போதுங்க. இங்க ஒரு பக்கம் இரும்பு. அது உருகிக் கலந்தா இந்தக் கம்பியில இருக்கற குரோமியம், நிக்கல் சத்து பத்தாது. ஒட்டு கண்ணாடி மாதிரி ஆயிடும். அதுக்குத்தான் சத்து கூட உள்ள கம்பிய எழுதி வச்சிருக்காங்க."

அவர் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "இப்ப இத வெளிய சொன்னா என் தலதான் உருளும். இன்னொரு தடவ சூட்டக் கொறச்சு, கொஞ்சம் பாத்துப் பண்ணேன்."

கொஞ்சம் பாத்துப் பண்ணேன். மேஸ்திரி சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். இவர் வாயிலிருந்தும் அதே வார்த்தையா? ஆனாலும், கட்டினவர் ஆயிற்றே என்று மூன்றாவது தடவையும் பற்றவைத்தாள். அதன் பலன்தான் இந்த ஒரு சாண் கோடு.

எதற்கெடுத்தாலும் 'சட்டுபுட்டுன்னு முடிங்க' என்பதால் மேஸ்திரிக்கு சட்டுபுட்டு என்றே பெயர். அவர் வந்து கோட்டைப் பார்த்துவிட்டு, பட்டறைப் புத்தகத்தில் மூன்றாவது முறையாக 'வெல்டர் தவறு' என்று எழுதினார். பிறகு பட்டறை முழுக்கக் கேட்கும்படி, "இனிமே நீ தொட வேணாம்மா. வேற ஆள் பாத்துக்கட்டும்," என்றார்.

"கம்பி தப்புங்க. யார் பண்ணாலும் விரியும்."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். வாயால் சொல்லி இவர்களிடம் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நேராகக் கிடங்குக்குப் போனாள். போன வருடக் குழாய் வேலைக்கு வாங்கிய சரியான கம்பி, பழுதாகி மூலையில் கிடந்த இயந்திரம் ஒன்றில் மாட்டியபடியே இருந்தது. சுருளில் மிச்சம் பத்துப் பன்னிரண்டு முழம். மேலடுக்கில் தூசி. அதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு எடுத்து வந்தாள்.

எவர்சில்வர் துண்டின் மேல் இரும்புத் துண்டை நிற்க வைத்து இரண்டு ஜோடி பற்றவைத்தாள். முதலாவதில் முந்நூற்றெட்டு, இரண்டாவதில் முந்நூற்றொன்பது. சூடும் வேகமும் மாறவில்லை. ஆறியதும் முதல் ஜோடியை வைஸில் இறுக்கி, சம்மட்டியை மேஸ்திரி கையில் கொடுத்தாள்.

"நீங்களே அடிங்க. என் கைதான் சரியில்லையே."

இரண்டாவது அடியில் இரும்புத் துண்டு தெறித்துப் போய்ச் சுவரோரம் விழுந்தது. அடுத்த ஜோடி ஒன்பது அடி வாங்கியது. இரும்பு வளைந்து படுத்ததே தவிர ஒட்டு விடவில்லை. மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது.

"இந்தக் கம்பிய யாரு வாங்கினது?"

அவள் குனிந்து வைஸைத் தளர்த்தினாள். ஒரு ஆள் போய்க் கொள்முதல் பிரிவிலிருந்து கணவரை அழைத்து வந்தார். அவர் உடைந்த துண்டைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "வரைபடத்துல தெளிவா இல்லைங்க," என்றார்.

அவள் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். விரல் நகம் அளவுக்குப் பெரிய எழுத்தில் முந்நூற்றொன்பது என்று இருந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்து, "நான்தாங்க. பாக்காம எழுதிட்டேன்," என்றார்.

சரியான கம்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. பழைய ஒட்டைச் சுரண்டி எடுக்க மட்டும் வேறு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு நாள் வளையத்தடியில் ஒருக்களித்துப் படுத்து அவளே சுரண்டினாள். கம்பி வந்த அன்றே பற்றவைத்தாள். மறுநாள் சாயக்காரர் வெள்ளைப் பொடி அடித்தார். கால் மணி நேரம் காத்திருந்தார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"பாத்தியா, மனசு வச்சா வருதுல்ல!" என்றார் மேஸ்திரி.

அவள் முகக்கவசத்தைக் கழற்றி வைத்தாள். "புத்தகத்துல மூணு தடவ என் தப்புன்னு எழுதியிருக்கீங்க. அடிச்சுடுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, வேலதான் முடிஞ்சுதே."

"அடிங்க. நிக்கிறேன்."

மேசை முன் நின்றாள். அவர் இரண்டு வரிகளை அடித்துவிட்டுப் பேனாவை மூடினார். "மொதத் தடவ உன் கையாக்கூட இருக்கலாம்ல," என்றார். அவள் நகரவில்லை. சாயக்காரர் தொண்டையைச் செருமினார். மூன்றாவது வரியும் ஒருவழியாக அடிபட்டது, ஆனால் படிக்க முடிகிற அளவுக்கு மெல்லிய கோடாக.

வேலை விட்டதும் கணவர் வாசலில் நின்றிருந்தார். அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார். பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றார்கள்.

"எனக்கும் ஒரு தாள் குடுத்திருக்காங்க, விளக்கம் எழுதச் சொல்லி," என்றார் கடைசியில். "இன்னும் கோவமா?"

"தப்பா வாங்கினதுக்குக் கோவம் இல்லங்க. யாருக்கும் தப்பு வரும். என் கை தப்புன்னு நெனச்சீங்க பாருங்க."

"அப்படி நெனக்கல. நெனச்சா எனக்கு வசதியா இருந்துச்சு."

அவள் கைப்பையைத் திரும்ப வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். பேருந்து நெரிசலாக வந்தது. ஏறி, ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.