சம்மதம் இல்லை ஐயா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சிக்கியது ஒரு சட்டக் கட்டுரையின் நடுவில். வேறொரு நாடு ஒருவரை விசாரணைக்குக் கேட்டால், நீதிபதி அவரிடமே கேட்பாராம்: "உங்களை அனுப்பச் சம்மதமா?" சம்மதம் என்றால் வாதம் எதுவும் வேண்டாம், அனுப்பிவிடலாம். என் கதையின் நீதிமன்றத்திலும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

யார் எதைக் கேட்டாலும் "சரி" என்கிற ஆளிடம் இதைக் கேட்டால்? அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2

முதல் தொடக்கம்: மழையில் நனைந்தபடி நீதிமன்ற வாசலில் அவன்…

(வேண்டாம். நான் கைவிட்ட கதைகளிலெல்லாம் மழைதான்.)

இரண்டாவது: அவன் அக்காவோடு வசிக்கிறான். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவன் தன் அறையில் உட்கார்ந்தபடியே அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றின் கணினிக்குள் புகுந்து, கப்பல்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கிவிட்டான்.* அங்கே ஒரு பகல் முழுக்கக் கிரேன்கள் அசையவில்லை. அந்த நாடு அவனை விசாரணைக்குக் கேட்டுவிட்டது.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"கலைஞ்சு கிடந்துச்சுக்கா."

(இந்த இடத்தில்தான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது.)

* பெயர்களை நான் எழுதவில்லை. எழுதினால் நானும் அடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

3

அவனைச் சோதித்த டாக்டர் நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்: கேள்வி பிடிபடாவிட்டாலும், கேட்பவர் முகம் கோணக் கூடாதென்று தலையாட்டிவிடுவான், தனியாக அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே அனுப்பினால் தனிச்சிறைதான்.

அக்காவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ரிவர்ஸ் எடுக்க நடுங்குகிறவர்களை, கை தானாகத் திரும்பும்வரை விடாமல் செய்யவைப்பாள். தம்பியையும் பயிற்சிக் காரில் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"சம்மதமான்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"சரின்னு."

"அட கடவுளே! 'சம்மதம் இல்லை ஐயா'ன்னு சொல்லணும். எங்கே, சொல்லு பார்ப்போம்."

சொன்னான். மறுபடியும் சொன்னான். கடைசியில் தேறிவிட்டான்.

4

நீதிபதி கேட்டார். அவன் நிமிர்ந்து நின்று, பிசிறில்லாமல் சொன்னான்: "சம்மதம் இல்லை ஐயா."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே அரசு வழக்கறிஞர் எழுந்தார்.

"கேட்டீங்களா ஐயா? கேள்வியும் புரியுது, பதிலும் தெளிவா வருது. இவருக்கு ஒண்ணும் புரியாதுன்னு டாக்டர் எழுதினதை எப்படி நம்புறது?"

அக்கா பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

5

இங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

முடிவு ஒன்று: அக்கா எழுந்து, "நான்தாங்க சொல்லிக்கொடுத்தேன்" என்கிறாள். அப்படியானால் டாக்டர் முன்னால் அவன் நடந்துகொண்டதும் இவள் சொல்லிக்கொடுத்ததுதானோ என்பார்கள்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறாள். அவனை விமானத்தில் ஏற்றி…

(பொறுக்கமாட்டாமல் அவனிடமே கேட்டுப் பார்த்தேன். "அக்கா உண்மையைச் சொல்லிடட்டுமா?" "சரி." "சொல்லாம இருக்கட்டுமா?" "சரி." என் முகமும் கோணக் கூடாதாம், பாவி!)

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவனிடம் இன்னொன்று கேட்கப்போகிறார். அந்தக் கேள்வியை நீங்கள் எழுதுங்கள். சரி என்றோ இல்லை என்றோ சொல்லித் தப்ப முடியாத கேள்வியாக இருக்கட்டும்.

அவன் உடனே பேசமாட்டான். என்ன சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். தயவுசெய்து முகத்தில் எதையும் காட்டிவிடாதீர்கள்.